வேலை இருக்கும்போதே நாலு பேர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதவி உயர்வு கிடைத்த சேதியை மூன்றாம் பக்கத்தில், அதுவும் அடைப்புக்குறிக்குள் எழுதுகிற ஆள் உன்னைத் தவிர வேறு யார் இருக்க முடியும்! வாழ்த்துகள். அந்தத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவை இத்தனை வருடம் தூக்கிச் சுமந்தவனுக்கு இது எப்போதோ வந்திருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம். எனக்கு முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் மக்கர் செய்கிறது. மகள் கல்லூரியில் கடைசி வருடம். நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறேன் என்று கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு தனக்குத் தானே கேள்வி கேட்டுப் பதிலும் சொல்லிக்கொள்கிறாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். புது மேனேஜர் ‘வெளியிலும் நாலு பேரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்’ என்கிறார், எனக்குத்தான் வேலை இருக்கிறதே, முகம் தெரியாதவனிடம் போய் எதற்குப் பல்லைக் காட்ட வேண்டும் என்று பொரிந்திருந்தாய். கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் வேறு வேலை தேடாதவன்தான் இதற்குச் சரியான ஆள் என்பது என் கட்சி.

வேலை போன பிறகு ஒருவன் பழைய சிநேகிதருக்கு போன் செய்கிறான் என்று வை. ‘நல்லா இருக்கீங்களா’ என்ற முதல் விசாரிப்பிலேயே அவருக்குப் புரிந்துவிடும், ஏதோ கேட்கப் போகிறான் என்று. பாவம், கையில் ஒன்றும் இல்லை என்பதை எப்படி நோகாமல் சொல்வது என்று அவர் அப்போதே யோசிக்கத் தொடங்கிவிடுவார். அதற்குப் பிறகு இருவருக்குமே தர்மசங்கடம்தான். உனக்கு இப்போது யாரிடமும் எதுவும் வேண்டாம். உலோக வார்ப்பில் பிளோஹோல் (வாயு சிக்கி உண்டாகும் ஓட்டை) ஏன் விழுகிறது என்று நீ ஒருவரிடம் பேசினால், அது பிளோஹோலைப் பற்றிய பேச்சு மட்டும்தான். கேட்கிறவருக்கும் நிம்மதி, உனக்கும் கூச்சம் இல்லை.

இன்னொன்று, உன் பிரிவில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்தது ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே கூட்டங்களில் உட்கார்ந்து, ஒரே அறிக்கைகளைப் படிக்கிறவர்கள் எப்படி வேறு வேறாக யோசிப்பார்கள்? மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் பாஸ்டனுக்குப் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில், புதிதாக வேலை மாறியிருந்தவர்களிடம் விசாரித்தார். தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தது என்றவர்களிடம், அந்தச் சமயத்தில் அவரை எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6, அபூர்வமாக என்றவர்கள் 27.8. கேட்கப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனாலும் 1973-ல் வந்த அந்தக் கட்டுரையை இன்றைக்கும் எடுத்துக் காட்டுகிறார்கள். நெருங்கியவர்களுக்கு நம்மேல் அக்கறை அதிகம், சரி, ஆனால் நமக்குத் தெரிந்ததேதான் அவர்களுக்கும் தெரியும். எட்ட இருப்பவர்தான் வேறு வட்டத்துச் சேதியைக் கொண்டுவருகிறார்.

2022-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு இதையே பெரிய அளவில் சோதித்தது. வேலை, தொழில் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் ஐந்து வருடம், 2 கோடிப் பேர். அதில் ஒரு திருத்தமும் கிடைத்தது: அதிகம் உதவியது ஓரளவு மட்டும் பழக்கம் உள்ளவர்கள். ஏதோ ஒரு நாள் பட்டனை அழுத்திச் சேர்த்துக்கொண்ட, மற்றபடி அடையாளமே தெரியாத ஆட்களால் அந்த அளவுக்குப் பலன் இல்லை. ஆயிரக்கணக்கில் தொடர்புகளைச் சேர்த்துவிட்டு அதைச் சொத்துபோல எண்ணிப் பார்ப்பவர்களிடம் இதைச் சொல்ல எனக்கு ஆசை.

அப்படிப்பட்ட ஒருவரைப் போன மாதம் ஒரு தொழில் கருத்தரங்கில் பார்த்தேன். இடைவேளை விட்டதும் போனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். எதிரில் வருகிறவரின் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தில் தொங்கும் அட்டையைப் படிக்கிறார். பதவி பெரிதாக இருந்தால் க்யூஆர் கோடைக் காட்டு என்கிறார், ஸ்கேன் செய்கிறார், ‘டச்சுல இருக்கலாம் சார்’ என்று அடுத்தவரிடம் நகர்கிறார். என் அட்டையையும் படித்தார். ஸ்கேன் செய்யவில்லை! நீ வெறுப்பது இந்த மாதிரி ஆட்களைத்தான். இதுதான் நெட்வொர்க்கிங் என்றால் எனக்கும் வேண்டாம். அதே இடைவேளையில் மூலையில் ஒரு பெண்மணி, தன் ஆலையில் ஒரு சோதனைக் கருவி தவறான அளவு காட்டியதைக் கண்டுபிடித்த கதையை எங்கள் இரண்டு மூன்று பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மணியடித்ததுகூடக் காதில் விழவில்லை.

உன்னைப் போன்ற கூச்சக்காரனுக்குப் புது ஆட்களைவிடப் பழைய ஆட்கள் தோது. நம் முதல் கம்பெனியில் கூட இருந்தவர்கள் இப்போது எங்கெங்கேயோ இருக்கிறார்கள். 2011-ல் டேனியல் லெவின், ஜார்ஜ் வால்டர், கீத் மர்னிகன் மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பல வருடம் தொடர்பு விட்டுப்போனவர்களிடம் ஒரு வேலைச் சிக்கலுக்கு யோசனை கேளுங்கள் என்று நிர்வாகிகளை அனுப்பினார்கள். அன்றாடம் பழகுகிறவர்கள் சொன்னதற்கு அந்த யோசனைகள் சளைத்தவையாக இல்லை, புதிதாகவும் இருந்தன. இடையில் அவர்கள் வேறு இடம், வேறு வேலை பார்த்திருக்கிறார்கள், பழைய நம்பிக்கையோ அப்படியே இருக்கிறது.

‘தங்களின் மேலான நட்பு வட்டத்தில் என்னையும் இணைத்துக்கொள்ள வேண்டுகிறேன்’ என்றெல்லாம் ஆரம்பிக்காதே. நான் நம் பழைய குழுத்தலைவருக்கு அனுப்பியதை அப்படியே தருகிறேன்: “சார், வணக்கம். பராமரிப்பு அட்டவணையை நீங்கள் சுவரில் கலர் கலராக ஒட்டி வைப்பீர்களே, இன்றைக்கு எங்கள் பிரிவில் அதே முறையைக் கொண்டுவந்தோம். உங்கள் ஞாபகம் வந்தது. நலமா? பதில் போட அவசரம் இல்லை.” அவ்வளவுதான். அன்று இரவே போன் செய்தார். பேசியதில் பாதி அவருடைய பேரனைப் பற்றி, மீதி அவர் இப்போது ஆலோசகராகப் போகும் ஆலைகளில் என்னென்ன உடைகிறது என்பதைப் பற்றி. எனக்கு அந்த இரண்டாவது பாதி ஒரு பயிற்சி வகுப்புக்குச் சமம்.

இது கம்பெனிக்குச் செய்கிற துரோகமோ என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறாய். ஆட்களைத் தெரிந்துகொள்வது துரோகம் இல்லை. வாயைக் கட்டாமல் இருந்தால் துரோகம் ஆகலாம். வாடிக்கையாளர் பெயர், விலை, இன்னும் வெளியே வராத திட்டம் இவற்றைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாதே. வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படித்துவிடு, ரகசியம் காப்பது பற்றி அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் பேச்சில் தயக்கம் இருக்காது. லிங்க்ட்இன்னில் ‘ஓபன் டு ஒர்க்’ என்ற, வேலை தேடுவதாகக் காட்டும் அடையாளத்தைப் போட்டுவிடாதே. ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்க வழி இருக்கிறது, ஆனால் சொந்தக் கம்பெனிக்குத் தெரியவே தெரியாது என்று லிங்க்ட்இன்காரர்களே உத்தரவாதம் தருவதில்லை. தேடாத நீ எதற்கு வீண் சந்தேகத்தைக் கிளப்ப வேண்டும்? கருத்தரங்குக்குப் போவதை மேனேஜரிடம் சொல்லிவிட்டே போ. அவர்தானே ஆரம்பித்து வைத்தார்.

அப்புறம், எல்லோரையும் ஆபீஸ் மெயிலில் மட்டும் வைத்திருக்காதே. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஆட்குறைப்பு என்று காலையில் சொன்னார்கள், மதியத்துக்குள் மடிக்கணினி பூட்டிக்கொண்டது. பல வருடம் பழகியவர்களின் எண் ஒன்றுகூட அவர் கையில் இல்லை. வாடிக்கையாளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு போவது தப்பு, அதை நான் சொல்லவில்லை. நண்பராகிவிட்டவரின் எண் உன் சொந்த போனில் இருக்கட்டும் என்கிறேன்.

கேட்பதற்கு முன்னால் கொடுக்கிற பழக்கம் உனக்கு ஏற்கெனவே உண்டு, அதை வெளியிலும் செய்தால் போதும். இரண்டு பேரை அறிமுகப்படுத்தி வைப்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. ஆனால் இரு பக்கமும் தனித்தனியாகக் கேட்காமல் எண்ணைக் கொடுக்கக் கூடாது. அப்படிக் கொடுத்துவிட்டு ஒருவரை மாட்டிவிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்.

மூலையில் கதை சொன்ன அந்தப் பெண்மணியிடம் உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். உன் பிரிவில் அளவீட்டுக் கருவிகளைச் சரிபார்க்க நீ வைத்திருக்கும் முறையைப் பற்றிக் கேட்க அவருக்கு ஆர்வம், மின்னஞ்சலைத் தரலாம் என்றார். அவர் பக்கம் சம்மதம் ஆகிவிட்டது. உனக்கும் சரி என்றால் ஒரு வரி எழுது, அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்