சம்பல் ஆற்றுக்கு மே மாதம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த சம்பல் ஆற்றுப் பயணக் கட்டுரை படித்தோம். தாஜ்மகாலைப் பார்த்த கையோடு ஊர் திரும்பிவிடும் நம்மவர்களுக்கு, ஆக்ராவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இப்படி ஓர் ஆறு இருக்கிறது என்று சொன்னதே நல்ல காரியம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ ஜி.டி.யிலோ டெல்லி போனவர்கள் எல்லோரும் மொரேனாவுக்கும் தோல்பூருக்கும் நடுவே இந்த ஆற்றைத் தாண்டித்தான் போயிருப்பார்கள், பாதிப் பேர் தூக்கத்தில். ஆனால் கட்டுரையில் வந்த இரண்டு யோசனைகளை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மே விடுமுறையில் போகலாம் என்பது ஒன்று. மணல் திட்டில் படகை ஒதுக்கி, இறங்கி நின்று படம் எடுக்கலாம் என்பது இன்னொன்று.

மே மாதத்தில் அந்த மணலுக்குள் முட்டைகள் இருக்கும். நீள்மூக்கு முதலையான கரியால், மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் இரவில் கரையேறி, நீர்மட்டத்துக்கு மேலே உள்ள மணலில் குழி தோண்டிச் சுமார் நாற்பது முட்டை இட்டு மூடிவிடுகிறது. குஞ்சு வெளிவர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். மே கடைசியிலிருந்து ஜூன் பாதிவரை, மழைவெள்ளம் வருவதற்கு முன்னால் பொரித்துவிட வேண்டும். மேலே நின்று பார்ப்பவருக்குக் குழி இருந்த அடையாளமே தெரியாது. ஒரே திட்டில் பல தாய்கள் முட்டையிடுவதால், ஒரு குடும்பம் கால்வைக்கும் இடத்தில் பத்துக் கூடுகள் இருக்கலாம். ஆற்றில் எத்தனையோ திட்டுகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். உயரமும் மணலின் பதமும் பக்கத்தில் ஆழமான நீரும் சேர்ந்து அமைவது சில இடங்களில்தான். அங்கே வந்து சேரக் கரியால்கள் நெடுந்தூரம் நீந்துகின்றன.

பறவைகளின் பாடு இன்னும் மோசம். கீழலகு மேலலகைவிட நீண்டு, அதால் நீரைக் கீறிக்கொண்டே பறந்து மீன் பிடிக்கும் ஸ்கிம்மர் பறவையும், ஆற்று ஆலாக்களும் (டெர்ன் பறவைகள்) வெறும் மணலிலேயே முட்டையிடுகின்றன. முட்டையும் புள்ளி விழுந்த மணல் நிறம். வெயில் 45 டிகிரியைத் தொடும் நாட்களில், தாய்ப்பறவை வயிற்று இறகை ஆற்றில் நனைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து முட்டையைக் குளிர வைக்கிறது. மனிதர் இறங்கினால் கூட்டம் மொத்தமும் எழுந்துவிடும். 'பறவைகள் தலைக்கு மேல் வட்டமிட்டு வரவேற்றன' என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது அந்தக் கலவரத்தைத்தான். நாம் நின்று படம் எடுக்கும் அந்தச் சில நிமிடங்களில் முட்டை வெந்துபோகும், அல்லது காகம் கொத்திவிடும். கோடையில் நீர் வற்றி, தீவாக இருந்த திட்டு கரையோடு ஒட்டிக்கொண்டுவிட்டால் நாயும் நரியும் மாடும் நடந்தே வந்துவிடுகின்றன. கோட்டா அணையிலிருந்து பாசனக் கால்வாய்களுக்குத் தண்ணீர் திருப்பப்படுவதால் கீழே ஆறு மெலிவது இதை இன்னும் சீக்கிரமாக்குகிறது. திட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு, பொட்டலத்தைப் போட்டுவிட்டு வருவது அந்த நாய்க்கும் காகத்துக்கும் வழிகாட்டுவதுதான்.

சரி, எப்போது போவது? பிப்ரவரி இரண்டாம் பாதியும் மார்ச் முதல் வாரமும்தான் எங்கள் கணக்கில் சிறந்தவை. பனிமூட்டம் விலகியிருக்கும், வலசைப் பறவைகள் இன்னும் கிளம்பியிருக்காது, பெரிய ஆண் கரியால்கள் தங்கள் கூட்டத்தைச் சுற்றியே திரியும். ஆனால் நம் பள்ளிகளுக்கு அப்போது விடுமுறை கிடையாது. பிள்ளைகளோடு போகிறவர்களுக்குத் தீபாவளியை ஒட்டிய நாட்களோ பொங்கல் விடுமுறையோ சரிப்படும். அரையாண்டு விடுமுறையிலோ பொங்கலுக்கோ போனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: டிசம்பர், ஜனவரியில் வடக்கே மூடுபனி. ரயில் பல மணி நேரம் தாமதமாகும். சம்பலுக்கென்று ஒரே ஒரு காலைப்பொழுதை மட்டும் ஒதுக்கியிருந்தால் அது ரயிலிலேயே போய்விடும்.

காட்டுப் பயணம் என்றால் விடியலில் கிளம்ப வேண்டும் என்ற பழக்கமும் இங்கே குளிர்காலத்தில் செல்லாது. முதலைக்குச் சொந்தச் சூடு கிடையாது. இரவெல்லாம் குளிர்ந்த உடம்பை வெயிலில் காயவைக்கத்தான் கரையேறுகிறது. பனி விலகி வெயில் ஏறிய பிறகு, ஒன்பதரை, பத்து மணி முதல் நண்பகல் வரை போனால் திட்டுக்குத் திட்டு படுத்திருப்பதைப் பார்க்கலாம். ஆறரை மணிக்குப் படகேறினால் பார்ப்பது வெண்மையான பனியும், நடுங்கும் பிள்ளைகளும்தான். மார்ச் மாதம் கணக்கு மாறும். அப்போது ஏழு மணிக்கே போய்விடலாம்.

படகு நெருங்கும் விதத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. பார்ப்பதும் பார்க்காமல் போவதும் அதில்தான் இருக்கிறது. திட்டை நோக்கி நேராக முகப்பை வைத்து இன்ஜினோடு போனால் நூறு மீட்டருக்கு முன்பே எல்லாம் நீரில் இறங்கிவிடும். எதிர்க்கரையை ஒட்டி மேலே போய், இன்ஜினை நிறுத்திவிட்டு, நீரோட்டத்தோடு சாய்வாக மிதந்து வர வேண்டும். துடுப்பு திசை திருப்ப மட்டும். ஐம்பது மீட்டரில் நின்றுவிடலாம். 8x42 பைனாகுலருக்கும் 400 மி.மீ. லென்ஸுக்கும் அந்தத் தூரம் தாராளம். படகில் யாரும் எழுந்து நிற்கக் கூடாது. சத்தத்தைவிட, திடீரென்று உயரும் மனித உருவம்தான் அவற்றை விரட்டுகிறது. கரியால் தலையைத் தூக்கி, உடலை நீர்ப்பக்கம் திருப்பினால் அத்தோடு விலகுங்கள். வளர்ந்த கரியாலின் கால்கள் உடம்பைத் தூக்கி நடக்கும் வலு இல்லாதவை. வயிற்றால் மணலைத் தேய்த்தபடி இரண்டு உந்து உந்தி நீருக்குள் சறுக்கும். மணலில் ஒரு வாய்க்கால்தான் மிஞ்சும். குளிர்காலத்தில் அப்படி விரட்டப்பட்ட விலங்கு, அதுவரை சேர்த்த சூட்டைக் குளிர்ந்த நீரில் இழந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து காய வேண்டும்.

கிட்டத்தில் போனால் இனாம் கூடும் என்பது படகோட்டிகளுக்குப் பழகிப்போன கணக்கு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. "கிட்டே போக வேண்டாம், நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஏறும்போதே சொல்லி, இனாமையும் குறைக்காமல் கொடுத்தால் போதும். ஆக்ராவிலிருந்து போக வசதியானவை தோல்பூர் அருகே நெடுஞ்சாலைப் பாலத்தை ஒட்டிய ராஜ்காட்டும், பாஹ் பக்கத்து நந்த்காவ்ன் துறையும். ரந்தம்போர் புலிகள் காப்பகத்துக்குப் போகிறவர்களுக்குப் பாலிகாட். வனத்துறை கவுண்டரில் பணம் கட்டி ரசீது வாங்குங்கள், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். படகுத்துறையில் கழிப்பறையையோ கடையையோ நம்பிப் போக வேண்டாம். லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் ஏறாதீர்கள்.

படத்தின் கீழே வந்த குறிப்பொன்றையும் திருத்த வேண்டும். வாயைப் பிளந்திருக்கும் முதலை யாரையும் மிரட்டவில்லை. உடல் சூட்டைச் சரிசெய்கிறது. கரியால் மீன் தின்னி, மனிதரை வேட்டையாடாது. அதே கரையில் படுத்திருக்கும் அகன்ற மூக்கு முதலை வேறு, அதனிடம் எச்சரிக்கை தேவை. மூக்கு நுனியில் குடம் கவிழ்த்தது போல் சதைக்கட்டி இருந்தால் அது வளர்ந்த ஆண் கரியால். ஆற்று ஓங்கிலும் (டால்பின்) கடல் ஓங்கில்போல் துள்ளி விளையாடாது. ஆழமான மடுவில் ஓரிரு நொடி முதுகு காட்டி மூச்சு வாங்கிவிட்டு மறையும். கேமராவை இறக்கிவிட்டுக் கண்ணால் பார்ப்பதே மேல். இலக்கியத்தில் சக்கரவாகம் என்று வரும் செந்நிற வாத்துகளைக் கட்டுரை ஒரு சொல்லில் கடந்துவிட்டது. குளிர்காலத்தில் அவை சோடி சோடியாகக் கரையெங்கும் நிற்கும்.

உலகில் காட்டில் எஞ்சிய கரியால்களில் பெரும்பகுதி இந்த ஓர் ஆற்றில்தான் இருக்கிறது. அண்மைக் கணக்கெடுப்புகளில் 2,000க்கு மேல் எண்ணியிருக்கிறார்கள். அதை நம்பி மெத்தனமாக இருக்க முடியாது. 2007 டிசம்பர் முதல் சில மாதங்களுக்குள் நூற்றுக்கு மேற்பட்டவை சிறுநீரகம் கெட்டுச் செத்து ஒதுங்கின. அதற்குப் பிறகு ரேடியோ கருவி பொருத்திக் கரியால்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து வருவது நம் வடநெம்மேலி முதலைப் பண்ணை அறக்கட்டளை. மே மாதம்தான் விடுமுறை, பிள்ளைகள் கரியாலைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் மாமல்லபுரம் சாலையில் உள்ள அந்தப் பண்ணைக்கே போகலாம்.

கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தியில் 'ஏற்ற காலம்' என்ற இடத்தில் நவம்பர் முதல் மார்ச் முதல் வாரம் வரை என்று திருத்தி, மணல் திட்டில் இறங்கக் கூடாது என்ற வரியையும் சேர்த்து அடுத்த ஞாயிறே வெளியிட வேண்டுகிறோம். மே மாதப் பயணத்துக்கு டிக்கெட் எடுப்பவர்கள் இப்போதே எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
ஆற்றோரப் பறவை பார்ப்போர் சிலர்,
தாம்பரம்.