நிறுத்திய காருக்கு வேண்டியது இடைவெளி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் வாகனப் பக்கங்களில் என்ஜின், டயர், எரிபொருள் சிக்கனம் ஆகியவற்றைப் பற்றி நிறையவே எழுதப்படுகிறது. ஆனால், ஆசையாய் வாங்கிப் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் காரின் உரிமையாளரை மிகுதியும் வாட்டுவது ஓட்டத்தில் நேரும் சேதமன்று. நிறுத்திவிட்டுப் போன பிறகு, பக்கத்து வண்டியின் கதவு விளிம்பு பட்டு விழும் சிறு ஒடுக்குதான். இடித்தவர் யாரென்று நமக்குத் தெரிவதில்லை. பல நேரங்களில் இடித்தோம் என்பது அவருக்கே தெரிவதில்லை. இதைத் தடுப்பதாகச் சொல்லி விற்கப்படும் பொருள்கள் பெருகிவிட்டன. அவற்றுள் பெரும்பாலானவை இந்த ஒரு வேலைக்கு உதவா என்பதையும், இரண்டு வண்டிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியே மெய்யான காப்பு என்பதையும் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவரவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இவ்வளவு லேசான இடிக்கு இவ்வளவு தெளிவான தழும்பு ஏன் விழுகிறது என்று பலர் வியப்பதுண்டு. கார்க் கதவின் வெளித்தகடு பெரும்பாலும் 0.7 மில்லிமீட்டர் அளவே தடிமன் கொண்ட எஃகு. அதன் மேல் படிந்திருக்கும் பெயின்ட் அடுக்குகள் அனைத்தும் சேர்ந்தும் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான். இடிக்கும் விளிம்போ அப்படிப்பட்டதன்று. கதவு செய்யும்போது வெளித்தகட்டின் ஓரத்தை உள்தகட்டின் மேல் மடித்து அழுத்துகிறார்கள்; ஆகவே அந்த ஓரத்தில் மூன்று தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து கத்தி முதுகு போலக் கெட்டியாகிவிடுகின்றன. போதாக்குறைக்கு, கீலை மையமாகக் கொண்டு சுழலும் கதவில் மிக வேகமாக நகரும் பகுதியும் அந்த ஓரமே. வண்டியின் மிகக் கெட்டியான விளிம்பு, மற்றொரு வண்டியின் பின்தாங்கல் குறைந்த தகட்டின் நடுவில் மோதுகிறது. தொழிற்சாலையில் பெயின்டை உலர்த்தும் அடுப்பின் சூட்டிலேயே மேலும் உறுதிப்படும் தனிவகை எஃகைப் பல நிறுவனங்கள் வெளித்தகடுகளுக்குப் பயன்படுத்துகின்றன. உள்ளங்கையால் அழுத்துவது போன்ற பரந்த அழுத்தத்துக்கு அது நன்றாகவே ஈடுகொடுக்கிறது, கூரிய விளிம்பின் முன்னால்தான் தோற்கிறது.

இதை மனத்திற்கொண்டு கடைப்பொருள்களைப் பார்த்தால் உண்மை விளங்கும். செராமிக் கோட்டிங் என்பது சில மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே, தடிமனுள்ள பூச்சு. அழுக்கு ஒட்டாமலும் பளபளப்புக் குறையாமலும் காக்குமே தவிர, ஒடுக்கு விழுவதை அது எவ்வகையிலும் தடுக்காது. பி.பி.எஃப். எனப்படும் பாலியூரித்தேன் படலம் 0.2 மில்லிமீட்டர் அளவுக்குத் தடித்தது. பெயின்ட் கீறுவதையும் பெயர்வதையும் அது நன்றாகவே தடுக்கும். ஆனால், படலத்துக்கு அடியிலுள்ள தகடு உள்வாங்குவதைத் தடுக்காது. பெயின்ட் உடையாமல் காத்தாலே பின்னர் பழுதுநீக்குவது எளிதாகிறது என்பதால் அதை வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஒடுக்கைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன். துணி உறை அதைவிடவும் மெலிது. தூசி படிந்த வண்டியின் மேல் அதைப் போட்டுக் காற்றில் படபடக்க விட்டால், உறையே உப்புத்தாளாக மாறிப் பெயின்டைத் தேய்த்துவிடும். கதவின் பக்கவாட்டில் ஒட்டிவைக்கும் காந்தப் பட்டைகள் உண்மையிலேயே இடியைத் தாங்கக்கூடியவைதாம். ஆனாலும், அலுமினியக் கதவில் அவை ஒட்டா. ஒட்டும் இடத்தில் மணல் துகள் ஒன்று இருந்தாலும் அவையே கீறும். ஒவ்வொரு முறையும் பொருத்திக் கழற்றும் பொறுமை சில நாள்களில் தீர்ந்துபோய்ப் பட்டைகள் டிக்கியில் நிரந்தரமாகக் குடியேறிவிடுவதைப் பலரிடம் பார்க்கிறோம். கதவு ஓரத்தில் மாட்டும் ரப்பர் பீடிங்கோ நம் கதவின் ஓரத்தையும் பக்கத்து வண்டியையும் காக்குமே தவிர, பக்கத்து வண்டியிலிருந்து நம்மைக் காக்காது. எல்லோரும் அதை மாட்டிக்கொண்டால் எல்லோருக்கும் நன்மை என்பது வேறு செய்தி. காரின் முன்கண்ணாடியில் மாட்டும் கேமராவும் முன்னும் பின்னும் பார்க்கிறதே அன்றிப் பக்கவாட்டைப் பார்ப்பது அரிது; லேசான கதவு இடி அதன் அதிர்வுணரியை எழுப்பாமலே போகலாம்.

இனி இடைவெளிக் கணக்குக்கு வருகிறேன். நிறுத்துமிடக் கட்டம் ஒன்றின் அகலம் 2.4 மீட்டர் என்பது பல இடங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் அளவு. அதில் 1.8 மீட்டர் அகலமுள்ள இரண்டு கார்கள் தத்தம் கட்டத்தின் நட்டநடுவில் நின்றால், இரண்டுக்கும் நடுவே எஞ்சுவது 60 சென்டிமீட்டர். பக்கக் கண்ணாடிகளை அதில் கழித்துக்கொள்ள வேண்டும். அந்த இடைவெளிக்குள் ஒருவர் கதவைத் திறந்து, கதவின் தடிமனுக்கும் இடம் விட்டு, தம் உடலையும் வெளியே எடுக்க வேண்டும். 1974ஆம் ஆண்டு வெளிவந்த முதல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் காரின் அகலம் 1.61 மீட்டர், அதே பெயர் தாங்கிய எட்டாம் தலைமுறைக் கார் ஏறத்தாழ 1.79 மீட்டர். டிரான்ஸ்போர்ட் அண்டு என்விரான்மென்ட் என்ற ஐரோப்பிய அமைப்பு 2024ஆம் ஆண்டு தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கு விற்கப்படும் புதிய கார்களின் சராசரி அகலம் 2018இல் 177.8 சென்டிமீட்டராக இருந்து 2023இன் முற்பாதியில் 180.3 சென்டிமீட்டராகியிருக்கிறது. கார் பருத்துக்கொண்டே போகிறது; தரையில் போட்ட கோடோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. இடிப்பவர்கள் எல்லோரும் பொறுப்பற்றவர்கள் என்று சலித்துக்கொள்ளும் முன், இந்தக் கணக்கையும் நாம் பார்க்க வேண்டாமா?

எனவே, காரை மிகவும் நேசிப்பவர் செய்யக்கூடிய முதல் வேலை இடத்தைத் தேர்ந்தெடுப்பதே. வாயிலுக்கு அருகில் வண்டிகள் வருவதும் போவதுமாக இருக்கும்; ஒரே நாளில் பல கதவுகள் நம் கதவின் பக்கத்தில் திறக்கும். சற்றுத் தள்ளி நிறுத்தி நடந்து வருவது இடியைத் தவிர்க்கும் மிக மலிவான வழி. வரிசையின் கடைசிக் கட்டம் கிடைத்தால் ஒரு பக்கத்து ஆபத்து முழுமையாக நீங்குகிறது. அங்கே சுவரையோ தூணையோ ஒட்டி நிறுத்தினால் மறுபக்கத்தில் இடைவெளி கூடுகிறது. இதில் பலர் கவனிக்காத நுணுக்கம் ஒன்று உண்டு. எந்தக் காரிலும் தவறாமல் திறக்கப்படும் கதவு ஓட்டுநர் கதவு. மற்றவை திறந்தாலும் திறக்கும், திறக்காமலும் போகும். எல்லா வண்டிகளும் ஒரே திசை நோக்கி நிற்கும்போது, நம் ஓட்டுநர் பக்கத்தில் நிற்பவரின் பயணியர் கதவு நம்மைப் பார்க்கிறது; நம் பயணியர் பக்கத்தில் நிற்பவரின் ஓட்டுநர் கதவு நம்மைப் பார்க்கிறது. ஆகையால், சுவர் நம் பயணியர் பக்கத்தில் அமையும் கடைசிக் கட்டமே சிறந்தது: அண்டை வண்டியின் ஓட்டுநர் கதவு நம்மை நோக்கித் திறப்பதுமில்லை, நாம் இறங்கவும் தாராளமாக இடம் இருக்கும். உடன் வருபவரை மட்டும் சுவரை ஒட்டும் முன்பே இறக்கிவிட வேண்டும். பக்கத்து வண்டி முகம் மாறி நின்றால் இந்தக் கணக்கும் மாறும் என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும்.

பக்கத்தில் நிற்கும் வண்டி எத்தகையது என்பதையும் ஒரு கணம் பார்க்கலாம். இரண்டே கதவுள்ள கார்களுக்குக் கதவு நீளம். அதே கோணத்துக்குத் திறந்தாலும் ஓரம் அதிக தூரம் வந்து சேரும். பின்னிருக்கையில் குழந்தை இருக்கை தெரிந்தால், அதில் பிள்ளையை அமர்த்தும் பெற்றோர் கதவை அகலத் திறந்தாக வேண்டும். அது அவர்கள் குற்றமன்று, ஆனாலும் நாம் வேறு இடம் தேடுவது நல்லது. நகர்த்தித் திறக்கும் கதவுள்ள வேனின் அந்தப் பக்கம் நிற்பது பாக்கியம். சரிவான தரையில் தாழ்ந்த பக்கத்தில் நிற்பதையும், பொருள் தள்ளுவண்டிகளைத் திரும்ப விடும் இடத்தின் அருகில் நிற்பதையும் தவிர்ப்பது நலம். ஆனால் இரண்டு கட்டங்களை அடைத்துக் குறுக்காக நிறுத்துவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். இடம் கிடைக்காமல் சுற்றி வந்தவரின் கோபத்தை அது நம் காரின் மேல் திருப்புகிறது. அந்தக் கோபம் கையில் சாவியோடு வரும்போது ஒடுக்கே மேல் என்று தோன்றிவிடும்.

கார் உற்பத்தியாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு காலத்தில் கார்களின் பக்கவாட்டில் ரப்பர் பீடிங் ஓடியது. அழகுக்கு இடைஞ்சல் என்று அது கழன்றது. 1990இல் வந்த அமெரிக்கச் சாட்டர்ன் கார்களில் கதவின் வெளிப்புறம் நெகிழியால் ஆனது. இடித்தால் உள்வாங்கி மீண்டுவிடும். 2014இல் சிட்ரோயன் சி4 காக்டஸ் காரின் பக்கவாட்டில் காற்றடைத்த மெத்தைகளைப் பதித்தார்கள். 2018இல் புதுப்பித்தபோது அவற்றைக் கீழே சிறு பட்டையாகச் சுருக்கிவிட்டார்கள். கதவைத் திறந்ததும் தானாகவே வந்து ஓரத்தைப் போர்த்தும் நெகிழிக் காப்பை ஃபோர்டும் ஸ்கோடாவும் சில மாடல்களில் தந்திருக்கின்றன. இடிக்கும் விளிம்பிலேயே மெத்தை வைப்பதுதான் எனக்குச் சரியான சிந்தனையாகப் படுகிறது. அது விருப்பத் தேர்வாக இல்லாமல் எல்லாக் கார்களிலும் வர வேண்டும்.

திறப்பவரின் கையைப் பற்றியும் ஒரு சொல். கதவு நிற்பதற்கென்று இரண்டு மூன்று படிகள் உண்டு. முதல் படி வரை மெல்லத் திறந்து, ஓரத்தைக் கையால் பிடித்தபடியே இறங்குவது கடினமன்று. பின்னாலிருந்து காற்று வீசும்போது கதவு கையை மீறிப் பறக்கும். கதவுக்கு அருகிலுள்ள கையை விட்டு மறு கையால் திறக்கும் டச்சு வழக்கம் மிதிவண்டிக்காரர்களைக் காப்பதற்காகச் சொல்லப்படுவது. உடல் திரும்புவதால் கதவு சட்டென அகலத் திறக்காது என்பது அதன் உபரிப் பயன். சிறு பிள்ளைகள் அமரும் பின்கதவுக்குக் குழந்தைப் பூட்டைப் போட்டுவைத்தால், பெரியவர் வந்து வெளியிலிருந்து திறக்கும் வரை அது திறக்காது.

இத்தனைக்குப் பிறகும் ஒடுக்கு விழுந்தால், பெயின்ட் விரிசல் கண்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வேறு நிறத்தில் தெரியும் கோடு பல நேரங்களில் இடித்த வண்டியின் பெயின்ட் ஒட்டியிருப்பதுதான். தேய்ப்புப் பசையால் அதை எடுத்துவிடலாம். பெயின்ட் உடையாத மென்மையான பள்ளமாக இருந்தால், கதவின் உட்புறமாக வளைந்த கம்பிகளைச் செலுத்தித் தகட்டைச் சிறிது சிறிதாக நெம்பி நிமிர்த்தும் முறையில் பட்டியும் பெயின்டும் இன்றியே சரிசெய்ய முடியும். நிறுவனம் பூசிய அசல் பெயின்ட் அப்படியே தங்கும். கதவின் மடிப்புக் கோட்டின் மேலோ மிக ஓரத்திலோ விழுந்ததும், அலுமினியத் தகட்டில் விழுந்ததும் இம்முறைக்கு எளிதில் மசியா. எஃகு வெளியே தெரியும்படி பெயின்ட் உடைந்திருந்தால், துரு பிடிக்கும் முன் பெயின்டர் பார்த்துவிட வேண்டும். காப்பீட்டில் கோருவதற்கு முன், கோரிக்கையற்ற ஆண்டுகளுக்கான சலுகையை இழப்பது பழுதுச் செலவை மிஞ்சுமா என்று கணக்கிடுவதும் அவசியம்.

புதிதாக நிறுத்துமிடம் கட்டுவோர், எத்தனை கட்டங்களை நெருக்கிப் போடலாம் என்பதற்குப் பதிலாக, ஒரு பெரியவர் கதவைத் திறந்து இறங்க எவ்வளவு இடம் வேண்டும் என்பதிலிருந்து அளவைத் தொடங்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர் ஒருவர்