பான்கேக் புரோப் கேட்டதற்கு மஞ்சள் பெட்டி அனுப்பியது குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள், சென்னைக் கிளை

பொருள்: கதிர்வீச்சு அளக்கும் சர்வே மீட்டரை மாற்றித் தரக் கோருதல் – நான்காவது முறை

ஐயா,

வணக்கம். மூன்று மெயில் போட்டாயிற்று. மூன்றுக்கும் "தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே பதில்தான். அதனால் இந்த முறை ஸ்பீட் போஸ்ட்.

உங்கள் சரக்கைப் பற்றி உங்களுக்கே நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பர்சேஸ் ஆர்டரின் மூன்றாவது வரியைப் பாருங்கள். தரையிலும் மேஜையிலும் கையுறையிலும் ஒட்டியிருக்கும் கதிரியக்க மருந்தைக் கண்டுபிடிக்க, பான்கேக் புரோப் (மெல்லிய மைகா ஜன்னல் உள்ள தட்டையான உணர்கருவி), அளவு சிபிஎஸ்ஸில், அதாவது நொடிக்கு எத்தனை துடிப்பு என்று. ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீஷியத்துக்கு சோடியம் அயோடைடு புரோப் இன்னும் நல்லது என்று உங்கள் சேல்ஸ் ஆளே சொன்னார். எங்களுக்கு தைராய்டு சிகிச்சைக்குக் கொடுக்கும் அயோடின்-131தான் கவலை, அது விடும் பீட்டா துகள்களைப் பிடித்தால் போதும் என்று யோசித்துத்தான் பான்கேக் கேட்டோம். வந்தது அந்த மஞ்சள் பெட்டி. கதிர்வீச்சை உணரும் டியூப் உள்ளே, சுற்றிலும் உலோகம், மைக்ரோசீவர்ட் மட்டும் காட்டும். அறையில் கதிர்வீச்சு டோஸ் எவ்வளவு என்று பார்க்க அது நல்ல மீட்டர்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த உறையைத் தாண்டி பீட்டா எப்படி உள்ளே போகும்? மைகா ஜன்னலை அழகுக்கா வைக்கிறார்கள்?

போன மாதம் அயோடின் மருந்து கொடுக்கும் ட்ரேயில் ஒரு துளி சிந்தியது. துடைத்துவிட்டு, மிச்சம் இருக்கிறதா என்று உங்கள் மீட்டரை ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து, நத்தை மாதிரி நகர்த்திப் பார்த்தேன். 0.14, 0.15, 0.14. ரிசப்ஷனிலும் அதே 0.14தான். அப்புறம் தெரிந்த ஆஸ்பத்திரியில் ஒரு பான்கேக்கை இரவல் வாங்கி வந்து அதே ஓரத்தில் காட்டினால், கடுகு தாளித்த மாதிரி படபடவென்று வெடிக்கிறது! 8 நாளுக்கு ஒருமுறைதான் பாதியாகும் சரக்கு இது. ட்ரேயை ஈயத் தடுப்புக்குப் பின்னால் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

அன்றே போன் செய்தேன். உங்கள் சர்வீஸ் தம்பி என்ன சொன்னார் தெரியுமா? "ரீடிங் வரலைன்னா சந்தோஷப்படுங்க சார், ரேடியேஷன் இல்லைன்னு அர்த்தம்." சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு. இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், ஐயா. இப்படி ஒரு பதிலை யாரும் என்னிடம் சொன்னதில்லை. இன்னொருவர், மேலூர்ப் பக்கம் கிரானைட் அதிகம், அந்தக் கல்லிலேயே கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு, அதனால்தான் 0.14 என்றார். நான் கேட்டது அதுவா?

மீட்டரை நேரில் கொண்டு வரச் சொன்னதும் நீங்கள்தான். ஒரு நாள் லீவு போட்டு, வைகையில் ஏறி, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு சென்னை வந்தேன். சம்பந்தப்பட்டவர் லீவாம். ரிசப்ஷன் பெண் மட்டும் பாவம், டீ வாங்கிக் கொடுத்தார்.

கட்டிய 94,400 ரூபாய் ஒரு பக்கம். எங்கள் சென்டரின் மானமே கப்பலேறிவிட்டது. அயோடின் பிரிவையே இழுத்து மூடும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள்.

உங்களோடு சண்டை போடும் எண்ணம் எனக்கில்லை. 15 நாளுக்குள் பான்கேக் புரோப் உள்ள மீட்டரை, கேலிப்ரேஷன் சான்றிதழோடு தயவுசெய்து அனுப்புங்கள். முடியாதென்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள். இரண்டும் இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ் வரும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கும் இந்தக் கடிதத்தின் நகல் போகும்.

மஞ்சள் பெட்டியை பேட்டரி கழற்றி பேக் செய்து வைத்திருக்கிறேன், கூரியரை அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன். பேச வேண்டுமானால் நீங்களே பேசுங்கள். சிரித்த அந்தத் தம்பி மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர்,
மதுரை