மாப்ள, அந்த மிஸரேரே கேட்டேன்

லே மாப்ள,

சுகமா இருக்கியா, முட்டிவலி எப்படி இருக்கு? இங்க எல்லாரும் சுகம்தான். சின்னவ பரீட்சை முடிச்சிட்டா, ரிசல்ட்டுக்காக உக்காந்திருக்கோம். மத்த விஷயமெல்லாம் போன்ல பேசிக்கலாம், இப்ப ஒரு பாட்டப் பத்தி உங்கிட்ட சொல்லியே ஆவணும்.

போன வாரம் ராத்திரி தூக்கம் வராம ஹெட்போன மாட்டிட்டு கேம்ப்ரிட்ஜ் கிங்ஸ் காலேஜ் கொயரோட (பாட்டுக் குழுவோட) பழைய ரெக்கார்டிங் ஒண்ணு போட்டேன், அலெக்ரிங்கிற இத்தாலிக்கார இசையமைப்பாளரோட மிஸரேரே, 1963ல டேவிட் வில்காக்ஸ் நடத்துனது, ஆர்கோ கம்பெனி ரெக்கார்டு. நம்ம பைபிள்ல வர்ற 51ஆம் சங்கீதம்தான்ல. ரோம்ல போப்போட சிஸ்டைன் சேப்பலுக்காக 1630கள்ல லத்தீன்ல போட்ட பாட்ட இவங்க இங்கிலீஷ்ல பாடுதாங்க. ஆர்கன் கிடையாது, வெறும் குரல்தான்.

முதல்ல ஒரு கூட்டம் சேந்து பாடும், அடுத்த வசனத்த ஆம்பளைங்க மட்டும் ஒரே சுரத்துல சாதாரணமா ஓதுற மாதிரி சொல்லுவாங்க, அப்புறம் தூரத்துல இருந்து நாலே நாலு குரல் வரும், அதுல ஒரு சின்னப் பையன் மெதுவா ஏறி ஏறி டாப் சி-ங்கிற ரொம்ப ஒசரமான சுரத்த தொடுவான் பாரு, குரல்ல ஒரு ஆட்டமே கிடையாது, கம்பி மாதிரி நேரா போயி நிக்கும். ராய் குட்மேன், அப்ப 12 வயசு. ரக்பி விளையாடிட்டு அழுக்கு முட்டியோட நேரா வந்து பாடுனதா அவரே பின்னாடி சொல்லிருக்கார், பெரியவனானப்புறம் வயலின் வாசிச்சு கண்டக்டராவும் ஆயிட்டார்.

இதுல ஒரு விஷயம் இருக்குல. அந்த டாப் சி அலெக்ரி எழுதுனதே இல்லையாம். 1831ல மெண்டல்சன்ங்கிற ஜெர்மன் இசையமைப்பாளர் ரோம்ல கேட்டு எழுதுனப்போ அவங்க பாடுனது ஒரு ஃபோர்த், அதாவது நாலாவது சுரம் அளவுக்கு, மேல இருந்துச்சு, பின்னாடி இசை அகராதி ஒண்ணுல பழைய பாட்டோட நடுவுல அந்தத் துண்டு ஒட்டிக்கிச்சு, அதையே எல்லாரும் பாட ஆரம்பிச்சாச்சு. இது தெரிஞ்சப்புறம் மறுபடி கேட்டேன், அந்த இடம் வந்ததும் அதே மாதிரி புல்லரிச்சிச்சு. யாரு கையில தப்பி வந்தா என்ன, எனக்கு அது இல்லாத மிஸரேரே இப்ப நெனச்சுப் பாக்கவே முடியல.

ஆனா ரெண்டாவது தடவ கேக்கையில என் காது அந்தப் பையன விட்டுட்டு வார்த்தையோட கடைசிக்குப் போயிட்டு. முதல் வரியில 'காட்'னு (கடவுள்) முடியுது பாரு, அந்த முடிவ அத்தன பேரும் ஒரே நேரத்துல வைக்காங்க, ஒருத்தன் முந்தல, ஒருத்தன் பிந்தல. வாய் மூடுனப்புறமும் சத்தம் மேல சுத்திக்கிட்டே இருக்கு. அந்தக் காலேஜ் சேப்பல் கட்டடம் அப்படி, 289 அடி நீளம், 80 அடி உயரம், மேல விசிறி விரிச்ச மாதிரி கல் கூரை. வில்காக்ஸ் அந்தச் சத்தம் அடங்குறதுக்கு எடம் விட்டுத்தான் அடுத்த வசனத்துக்குப் போறாரு. அவசரமா போனா ஒரு சுரம் இன்னொண்ணு மேல ஏறி கூழாயிருக்கும். இத நம்ம கொயர் மாஸ்டர் எத்தன தடவ நம்மகிட்ட சொல்லிருப்பாரு, கடைசி எழுத்த முழுங்காதீங்கலேனு, நியாபகம் இருக்கா? அவரு எதுக்கு அப்படி கத்துனாருன்னு எனக்கு இப்பத்தான் புரியுது.

எல்லாரும் அந்த உச்சத்தையே பேசுதாங்க, எனக்கென்னமோ நடுவுல ஆம்பளைங்க ஓதுற அந்த வசனம்தான் முக்கியம்னு படுது. அது தரையில கால் ஊனி நிக்கிறதாலதான் பையன் குரல் அம்புட்டு ஒசரமா தெரியுது.

நீ போன் ஸ்பீக்கர்ல கேக்காத மாப்ள, அந்த எதிரொலி செத்துப்போயிரும், மவன்கிட்ட ஹெட்போன் வாங்கி ராத்திரி லைட்ட அணைச்சிட்டு கேளு. கேட்டுட்டு அந்த ஓதுற வரிய உன் கட்டையான பாஸ் குரல்ல பாடி வாய்ஸ் மெசேஜ் அனுப்பு. உன் குரலக் கேட்டு எத்தன வருஷமாச்சு.

உன் மாப்ள