லென்ஸைக் கழற்றிய கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு திரை கொடுங்கள்

கான்டாக்ட் லென்ஸ் ஆப் நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம்.

புதிய பதிப்பு வந்ததிலிருந்து நான் எழுதிய மூன்று மின்னஞ்சல்களும் உங்களிடம் இருக்கின்றன. மூன்றுக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று ஒரே பதில், ஒரு நிமிடத்துக்குள் வந்தது. அவ்வளவு முக்கியமானதை அவ்வளவு வேகமாகப் படித்து முடித்தவர் யாரென்று தெரியவில்லை. அவருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

பழைய கதையெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்பதால் நேராகக் கேட்கிறேன். லென்ஸ் விற்று, மாற்றும் நாளையும் நினைவூட்டுகிற உங்கள் ஆப்பில், லென்ஸைக் கழற்றிய கண்ணுக்குத் தெரிகிற மாதிரி என் லென்ஸ் விவரத்தோடு ஒரே ஒரு திரை வேண்டும். அது லாகின் கேட்கக் கூடாது, நெட் இல்லாமலும் திறக்க வேண்டும். வெள்ளையில் கறுப்பாக, பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

பங்குனியில் நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். துறையூர் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. காலையிலிருந்து பொங்கல் அடுப்பு, விறகுப் புகை, வெயில். லென்ஸோடு புகையில் நின்றது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ராத்திரி மண்டபத்தில் படுக்கப் போகும்போது வலது கண் உறுத்தியது. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு இரண்டு லென்ஸையும் கழற்றினேன். கண்ணாடி திருச்சி வீட்டில், அலமாரி மேலே இருந்தது. (கண்ணாடியை எடுத்துப் போயிருக்க வேண்டியதுதானே என்று உங்கள் குழுவில் யாரோ சொல்வது காதில் விழுகிறது. மறக்காமல் எடுத்துப் போகிறவருக்கு நினைவூட்டுகிற ஆப் எதற்குங்க?)

என் வலது கண்ணுக்குக் கண்ணாடியில் −8, லென்ஸில் −7.25. இந்த இரண்டும் வேறு வேறு என்பதுகூட உங்கள் ஆர்டர் படிவத்துக்குத் தெரியாது, கண்ணாடிச் சீட்டை அப்படியே வாங்கிக்கொள்கிறது. அதை இன்னொரு நாள் பேசலாம். இந்தப் பவரில் லென்ஸ் இல்லாவிட்டால் கண்ணிலிருந்து சுமார் 14 சென்டிமீட்டருக்குள் இருப்பதுதான் தெளிவாகத் தெரியும். பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸில் ஒரு சின்ன ஸ்கேல் இருக்குமே, அதைக் கண்ணோரம் வைத்து நீட்டிப் பாருங்கள். அதன் மறுமுனைக்கு இந்தப் பக்கம்தான் என் உலகம்.

கண் உறுத்துகிறதே, லென்ஸ் எத்தனை நாள் ஆனது என்று ஆப்பில் பார்க்கலாம் என்று போனை எடுத்தேன். அவ்வளவு கிட்டத்தில் பிடித்தால் கேமராவுக்கு என் மூக்கு மட்டும்தான் தெரியும், பூட்டு திறக்காது. தள்ளிப் பிடித்தால் திறக்கும், எனக்குப் படிக்க வராது. ஒருவழியாகத் திறந்து ஆப்புக்குள் போனால் மறுபடி லாகின், அதற்கு ஓடிபி. மண்டபத்துக்குள் சிக்னல் இல்லை. வெளியே வேப்பமரத்தடியில் போய் நின்றதும், ஓடிபிக்கு முன்னால் உங்கள் விளம்பரம் வந்து விழுந்தது, இரண்டு பெட்டி வாங்கினால் ஒன்று இலவசம் என்று. அதை மூடுகிற பெருக்கல் குறியை இளநீலத்தின் மேல் வெள்ளையில் போட்டிருக்கிறீர்கள். அதைத் தேடித் தடவியதில் ஒரு பெட்டி கூடைக்குள் போய்விட்டது. அந்தப் பெட்டியை மட்டும் இன்றுவரை தவறாமல் நினைவூட்டுகிறீர்கள், நன்றி.

கடைசியில் அம்மாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். என் போன் தமிழில் இருக்கிறது. அம்மா வாங்கி, எழுத்துக்கூட்டி வாசித்தார்: "உங்கள் தொடர்புகளை அகற்றும் நேரம் இது."

அப்புறம் என்னைப் பார்த்தார். "என்னடி, எல்லார் நம்பரையும் அழிக்கச் சொல்லுது? திருட்டு ஆப்பா?"

லென்ஸைக் கழற்றச் சொல்கிறீர்கள் என்று எனக்கே புரிய அரை நிமிடம் ஆனது. ஆங்கிலத்தில் லென்ஸுக்கும் போன் நம்பருக்கும் ஒரே சொல் என்பதால், மெஷின் கைக்குக் கிடைத்ததை எடுத்துப் போட்டிருக்கிறது. தமிழ் தெரிந்த ஒருவர் டீ ஆறுவதற்குள் 'லென்ஸைக் கழற்றுங்கள்' என்று திருத்தியிருக்கலாம். இத்தனைக்கும் ஆப்பைப் போட்ட முதல் நாளே என் போனில் உள்ள நம்பர் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்டீர்கள். கான்டாக்ட் லென்ஸுக்கும் கான்டாக்ட் லிஸ்டுக்கும் பெயர்ப் பொருத்தம் பார்த்தீர்களோ என்னவோ.

விடிந்தபோது கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் நீர் கொட்டியது. திருச்சிக்கு வந்து கண் டாக்டரிடம் போனேன். லென்ஸை எப்போது பிரித்தீர்கள், லென்ஸ் கழுவ எந்த சொல்யூஷன், லென்ஸ் டப்பாவைக் குழாய்த் தண்ணீரில் கழுவுவீர்களா, கழற்றிய லென்ஸ் எங்கே என்று வரிசையாகக் கேட்டார். ஆப்பில் இருந்தது பெட்டி வீட்டுக்கு வந்த தேதி மட்டும். மாத லென்ஸுக்கு 30 நாள் கணக்கு, அதை மூடியிருக்கும் ஃபாயிலைப் பிரித்த நாளிலிருந்துதான் தொடங்கும், தினமும் போட்டாலும் போடாவிட்டாலும். நீங்கள் விற்ற நாளிலிருந்து எண்ணுகிறீர்கள். அடுத்த பெட்டியை எப்போது விற்கலாம் என்பதற்கு அந்தக் கணக்கு சரிதான், என் கண்ணுக்கு உதவாது.

கடைசிக் கேள்விதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. லென்ஸை ராத்திரியே அடுப்புச் சாம்பலில் போட்டிருந்தேன். கண் சிவந்தால் லென்ஸை எறியக் கூடாது, டப்பாவோடு அப்படியே எடுத்து வர வேண்டும், எந்தக் கிருமி என்று அதை வைத்துப் பரிசோதிக்கலாம் என்று டாக்டர் சொல்லித்தான் தெரியும். 13 வருடமாக லென்ஸ் போடுகிறேன், அதுவரை யாரும் சொன்னதில்லை. ஆப்பில் அந்த ஒரு வரிக்கு இடமில்லை. பச்சை நிற லென்ஸ் போட்டால் நான் எப்படி இருப்பேன் என்று காட்ட ஒரு முழுத் திரை இருக்கிறது.

கருவிழியில் சின்னதாகப் புண். முதல் இரண்டு நாள் ராத்திரியிலும் மணிக்கொரு தடவை சொட்டு மருந்து. அம்மா அலாரம் வைத்து எழுந்து மருந்து விட்டார். ஆறிவிட்டது, ஓரத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் நின்றுவிட்டது. அது பார்வைக்கு நடுவில் விழாதது என் நல்ல நேரம்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. லென்ஸோடு தூங்கினால் தொற்று வருகிற ஆபத்து ஆறிலிருந்து எட்டு மடங்கு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொல்கிறது. குழாய்த் தண்ணீரிலும் தொட்டித் தண்ணீரிலும் இருக்கும் அகாந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி, ஒரு கூட்டுக்குள் சுருண்டுகொண்டு குளோரினையே தாக்குப்பிடிக்கும். கருவிழிக்குள் போய்விட்டால் மாதக்கணக்கில் மருந்து. கருவிழியைக் கெடுக்க சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்கு ஒன்றிரண்டு நாளே போதும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி விடுகிற ஸ்டீராய்டு சொட்டு, பூஞ்சைப் புண்ணாக இருந்தால் அதை இன்னும் வளர்த்துவிடும். 2006இல் சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்கா என்று பல இடங்களில் லென்ஸ் போட்டவர்களுக்கு ஃபியூசேரியம் பூஞ்சை வந்து, ரெனு மாய்ஸ்சர்லாக் சொல்யூஷனை உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றார்கள். மறுவருடம் அகாந்தமீபாவால் இன்னொரு நிறுவனத்தின் சொல்யூஷன் போனது. நாளைக்கு அப்படி ஒன்று நடந்தால், என் வீட்டு பாட்டில் அதில் சேர்ந்ததா என்று உங்கள் ஆப் சொல்லுமா? சலுகை வந்தால் சொல்லும் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

உங்களை மட்டும் சொல்வானேன். கரண்ட் பில், பஸ் டிக்கெட், பேங்க் என்று எந்த ஆப்பைத் திறந்தாலும் இதே வெளுத்த சாம்பல் எழுத்துதான், தண்ணிப் பால் மாதிரி. பெரிய மானிட்டருக்கு முன் நல்ல கண்ணோடு உட்கார்ந்து வரைகிறவர்களுக்கு அது அழகாகத் தெரிகிறது போலும். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்று இணையத்துக்கான அணுகல் விதிகளில் பல வருடமாக இருக்கிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை எட்டுவதும் வாழும் உரிமையில் சேரும் என்றது. அது ஆசிட் வீச்சால் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் போராடி வாங்கிய தீர்ப்பு. என் மாதிரி லென்ஸ்காரிக்கு அதில் பங்கு கேட்க வாயில்லை. ஆனாலும் எழுத்தைக் கறுப்பாக்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டுமா? லென்ஸ் போடுகிற எல்லாருமே ராத்திரியில் கண் தெரியாதவர்கள் என்பது லென்ஸ் விற்கிறவர்களுக்காவது தோன்ற வேண்டாமா?

சரி, எங்கேயோ போய்விட்டேன். கோபத்தில் ஒன்றிரண்டு வார்த்தை அதிகமாக விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தை நிறுத்தச் சொல்லவில்லை, உங்களுக்கும் வியாபாரம் நடக்க வேண்டும். அந்த ஒரு திரையைத்தான் கேட்கிறேன். அதில் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக ஃபாயிலைப் பிரித்த தேதி, பவர், லாட் நம்பர் (எந்தத் தொகுப்பில் தயாரானது என்கிற எண்), சொல்யூஷன் பெயர் இருக்கட்டும். கீழே, கண் சிவந்தாலோ வலித்தாலோ லென்ஸைக் கழற்றுங்கள், எறியாதீர்கள், டப்பாவோடு இன்றே டாக்டரிடம் போங்கள் என்று இருக்கட்டும். பூட்டைத் திறக்காமலே எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. தொட்டால் வாசித்துக் காட்டினால் அம்மாவைத் தூக்கத்தில் எழுப்ப வேண்டியதில்லை.

அது வருகிற வரை பெட்டி மேல் மார்க்கரால் தேதி எழுதி வைத்துக்கொள்கிறேன். நன்றாகத் தெரிகிறது, ஓடிபியும் கேட்பதில்லை.

சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். ராத்திரி பத்தரைக்கு மேல், லென்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். தமிழை அம்மா பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
வலது −7.25, இடது −6.50
திருச்சி