ஈப்புதரைப் பார்த்துவிட்டேன்

டர்பன்,
செப்டம்பர் மாதக் கடைசி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். தாயும் பிள்ளையும் நலமாக இருக்கட்டும். அன்றே பதில் எழுத உட்கார்ந்தவன், கேப் டவுன் போய்வந்து எழுதலாம் என்று எடுத்து வைத்துவிட்டேன்.

கல்லூரிச் சுற்றுலாவில் கொடைக்கானல் புல்மேட்டில் நாம் இருவரும் குப்புறப் படுத்து, ஒரே லென்ஸை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, பூச்சி பிடிக்கும் அழுகண்ணிச் செடியைப் பார்த்தது நினைவிருக்கிறதா? அந்த ஆசைதான் இந்த வயதில் என்னைக் கேப் மலைகளுக்கு இழுத்துப் போனது. தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கு முனை பல அழுகண்ணி இனங்களின் சொந்த ஊர். அங்கே மழை குளிர்காலத்தில் பெய்கிறது. மண்ணோ, மணற்கல் உதிர்ந்த வெறும் மணல். சத்தில்லாத அந்த மண்ணில் கிடைக்காத நைட்ரஜனைச் செடி பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் என் பக்கத்து வீட்டு அண்ணனும் கூட வந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்தவர். அண்ணனிடம் மிஞ்சியிருப்பது வீட்டில் புழங்கிய சில தமிழ்ச் சொற்கள் மட்டும். ஓடைக்கரையில் முதல் கேப் அழுகண்ணியைக் கண்டபோது, "இதற்குத் தமிழில் என்ன பெயர்?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அழுகிற கண்ணா?" என்றார். இலையில் சிவந்த ரோமங்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளி. வேறு விளக்கம் தேவைப்படவில்லை. இறங்கும் வழியெல்லாம் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குத் தொண்டை அடைத்தது.

அந்தச் செடியில் ஒரு சிறு கொசு ஒட்டியிருந்தது. பக்கத்து ரோமங்கள் மெல்ல அதன்மேல் சாய்ந்தன. திரும்பி வரும்போது இலையே அதைச் சுற்றி மடங்கத் தொடங்கியிருந்தது.

ஆனால் நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது ரொரிடுலா என்ற செடியைப் பற்றி. ஹெர்மானஸ் பக்கத்து மலையில் இடுப்பளவு உயரத்துக்கு நின்றது. இலை முழுக்கப் பசை, பசை முழுக்கப் பூச்சி. தொட்டுப் பார்த்தேன், விரலை விடுவிக்கச் சிரமமாகிவிட்டது. அழுகண்ணியின் துளி நீர்த்த பசை. இதுவோ பிசின், மழையிலும் கரையாது. இதன் இன்னொரு இனத்தை டல்பா என்ற ஊர்ப் பக்கத்தில் அந்தக் காலத்தில் வீட்டுக்குள் தொங்கவிட்டு ஈ பிடித்தார்களாம். ஆப்ரிக்கான்ஸ் மொழியில் ரொரிடுலாவுக்கு 'ஈப்புதர்' என்றே பெயர்.

1875இல் டார்வின் இதைப் பூச்சி உண்ணும் செடிகளோடு சேர்த்தார். பூச்சியைச் செரிக்கும் நொதி இதனிடம் இல்லை என்று பின்னால் தெரிந்ததும், இது ஊனுண்ணியே அல்ல என்றார்கள். விடை அதன் இலைமேலேயே ஓடிக்கொண்டிருந்தது. பமெரிடியா என்ற சின்னப் பூச்சி அந்தப் பிசினில் சிக்குவதில்லை. அதன் உடம்பின்மேல் எண்ணெய்ப் பசை போன்ற ஒரு பூச்சு இருக்கிறது. செடி பிடித்த இரையை அது உறிஞ்சிக் குடிக்கிறது. அதன் எச்சம் இலையில் விழ, இலை அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. 1996இல், எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கும்படி அடையாளமிட்ட நைட்ரஜன் ஏற்றிய ஈக்களைக் கொடுத்துப் பார்த்து இதை உறுதிசெய்தார்கள்.

நான் லென்ஸோடு அந்தப் பூச்சியின் பின்னாலேயே ஒரு மணி நேரம் இருந்தேன். நாற்பது ஆண்டுகளாக 'பூச்சி தின்னும் செடி' என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன். பிடித்ததை இன்னொருவருக்கு உண்ணக் கொடுத்து, அவர் கையால் தானும் உண்ணும் ஒரு செடியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லையே என்று மனம் கனத்தது.

அரச அழுகண்ணியை மட்டும் பார்க்கவில்லை. இலையே எழுபது சென்டிமீட்டர் வரை நீளும். உலகத்தில் பெய்ன்ஸ் கிளூஃப் பள்ளத்தாக்கு ஒன்றில்தான் இயற்கையாக வளர்கிறது. வழிகாட்டிய பெண்மணி அங்கே அழைத்துப்போக மறுத்துவிட்டார். காலடித் தடம் பார்த்து வந்து தோண்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்களாம். முதலில் வருத்தமாக இருந்தது. இரவு விடுதியில் படுத்தபோது, அவர் மறுத்ததற்காக நன்றி சொல்லாமல் வந்துவிட்டோமே என்றுதான் வருந்தினேன். மறுநாள் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.

என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மலை ஏறியதால் கூடவில்லை. தைப்பூசத்துக்கு நீ இங்கே வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் எடுத்துவிட்டாயா? அண்ணன் உன்னைப் பார்க்கக் காத்திருக்கிறார்.

அதற்கு முன் ஒருமுறை கொடைக்கானல் போய்வா. நாம் படுத்துக் கிடந்த அந்த ஈரப் புல்மேடு இன்னும் இருக்கிறதா என்று பார்த்து எழுது. இருந்தால், இடத்தை யாரிடமும் சொல்லாதே.

உன் பழைய அறைத்தோழன்