பேய் ட்ரிப் கேக்குற நம்ம வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் மதுரையிலருந்து வணக்கம்.

ரெண்டு மூணு மாசமா ஆபீஸ் போனுக்கும் வாட்ஸ்அப்புக்கும் வர்றதுல பாதிப் பேரு இதேதான் கேக்குறீங்க, "அண்ணே பேய் இருக்குற எடமா பாத்து ஒரு ட்ரிப் போட்டுக் குடுங்க, ராத்திரி அங்கயே தங்குற மாதிரி"ன்னு. காலேஜ் பசங்க, ஐடி தம்பிங்க, புதுசா கல்யாணம் ஆன ஜோடி கூட கேட்டாச்சு. ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி மாளல, அதான் சேத்து எழுதுறேன். ட்ரிப் போடுறோம், ஆனா ராத்திரி ட்ரிப் மட்டும் கெடையாது. ஏன்னு சொல்லிடுறேன்.

நீங்க அதிகமா கேக்குறது தனுஷ்கோடி. இன்னைக்குப் போனா இடிஞ்ச சர்ச்சு, ஸ்டேஷன் இருந்த எடத்துல நாலு சுவரு, தண்ணித் தொட்டி, மணலு, காத்து, அவ்வளவுதான். ஆனா அது ஒரு காலத்துல பரபரப்பா இருந்த ஊரு. 1914ல பாம்பன் பாலம் வந்தப்புறம் எழும்பூர்ல போட் மெயில் ரயில் ஏறினா தனுஷ்கோடியில எறங்கி கப்பல்ல இலங்கையில இருக்குற தலைமன்னாருக்குப் போயிடலாம், அதுக்காகவே கஸ்டம்ஸ் ஆபீஸு, போஸ்ட் ஆபீஸு, பள்ளிக்கூடம்னு எல்லாம் இருந்துச்சு. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடிச்சதுல கடல் ஊருக்குள்ள வந்துருச்சு. பாம்பன்லருந்து கெளம்பின பாசஞ்சர் ரயிலு தனுஷ்கோடிய நெருங்குற நேரத்துல சிக்னல் கெடைக்காம நின்னு, அப்புறம் மெதுவா நகந்தப்ப அலை மொத்தமா இழுத்துட்டுப் போயிருச்சு, அதுல மட்டும் நூறு பேருக்கு மேல. ஊரு, சுத்துவட்டாரம் எல்லாம் சேத்து ஆயிரத்து எண்ணூறு பேருன்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் குடியிருக்க லாயக்கில்லாத ஊருன்னு அரசாங்கம் அறிவிச்சுட்டாங்க.

ஆனாலும் மீன்புடிக் குடும்பங்க இன்னும் அங்க குடிசை போட்டு இருக்காங்க. கடலுக்குப் பக்கத்துலயே மணலைத் தோண்டி ஊத்து எடுத்து நல்ல தண்ணி குடிக்கிறாங்க, வாய்ல வச்சுப் பாத்தா உப்புக் கரிக்காது, முதல் தடவ பாக்குறவங்க நம்பவே மாட்டாங்க.

போன வருஷம் நடந்த ஒண்ண சொல்லணும். ஒரு குரூப்பக் கூட்டிட்டுப் போயிருந்தேன், நல்ல பசங்கதான், சர்ச்சு சுவருக்குப் பின்னாடி ஒருத்தன் வெள்ளை பெட்ஷீட்டைப் போத்திக்கிட்டு நிக்க மத்தவங்க கத்திக்கிட்டே வீடியோ எடுத்துட்டு இருந்தாங்க. கொஞ்சம் தள்ளி சங்கு பாசி விக்கிற ஒரு அம்மா, எழுபதை நெருங்கின வயசு, பசங்ககிட்ட ஒண்ணும் சொல்லாம நேரா வண்டிகிட்ட எங்கிட்ட வந்து, "எங்க ஆத்தாளும் பெரியாத்தாளும் இங்கனதான்யா போனாங்க, அந்தத் துணிய மடிச்சு உள்ள வைக்கச் சொல்லுய்யா"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போயி உக்காந்துட்டாங்க. பசங்க அப்பவே துணிய எடுத்துட்டாங்க, ஒருத்தன் போயி அவங்ககிட்ட மன்னிப்பும் கேட்டான். ஆனா கூட்டிட்டுப் போனவன் நான், முன்னாடியே சொல்லிக் கூட்டிட்டுப் போயிருக்கணும். அன்னைக்கு முடிவு பண்ணதுதான் இதெல்லாம்.

அதனால இனிமே இப்படித்தான். ராத்திரி ஒன்றரை ரெண்டு மணிக்கு மதுரையில வண்டி எடுத்துடுவோம், விடியுற நேரத்துக்கு தனுஷ்கோடி. கூட்டமே இருக்காது, காத்து மட்டும் சுவர் ஓட்டைக்குள்ள பூந்து ஊளை போடும், ரெண்டு பக்கமும் கடலு, அந்த நேரத்துல ஒத்தையா நின்னு பாருங்க, ராத்திரில டார்ச் அடிச்சு வர்ற பயத்தை விட அது ஆழமா எறங்கும். சாயங்காலத்துக்கு மேல எப்படியும் போலீஸ் உள்ள விட மாட்டாங்க, இருக்கிறவங்களையும் கெளப்பி விட்ருவாங்க. முன்னாடி மாதிரி மணல்ல வேன்ல குலுங்கிப் போக வேண்டியதில்ல, 2017லருந்து கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடுதான். சர்ச்சு கட்டினது பவளப்பாறைக் கல்லுல, கிட்டப் போயி பாத்தா இடியாப்ப அச்சு மாதிரி பொடிப்பொடி ஓட்டையா இருக்கும், கை வச்சா உதிரும். தயவுசெஞ்சு பேரு கிறுக்காதீங்க, ஞாபகத்துக்குன்னு ஒரு துண்டு கூட எடுத்துட்டு வராதீங்க. டிசம்பர் 22, 23 ரெண்டு நாளும் இந்த ட்ரிப் போட மாட்டோம், பல குடும்பங்களுக்கு அது துக்க நாளு.

ராஜஸ்தான் கேட்டவங்களுக்கு. பான்கர் கோட்டையில "சூரியன் மறஞ்சப்புறம் உள்ள போகக் கூடாது"ன்னு தொல்லியல் துறை போர்டு வச்சிருக்கு, அதைப் பாத்துட்டு அரசாங்கமே பேயை ஒத்துக்கிச்சுன்னு வீடியோ போடுறாங்க. அந்தத் துறை பாத்துக்குற நெறைய எடத்துல காலைலருந்து சாயங்காலம் வரைக்கும்தான் நேரம், பக்கத்துலயே சரிஸ்கா புலிக் காடு வேற. ஒரு மந்திரவாதி, ராணி ரத்னாவதி மேல ஆசப்பட்டு எண்ணெயில வசியம் வச்சான், அவ அதைப் பாறை மேல ஊத்த பாறை உருண்டு அவனையே நசுக்குச்சு, சாகுறப்ப ஊருக்கே சாபம் விட்டான்னு ஒரு கதை. கேக்க நல்லாருக்கும், வண்டியிலயே சொல்றோம். கூரையில்லாம வரிசையா நிக்கிற பழைய கடைவீதியை காலைல நடந்து பாத்தாலே போதும். எனக்குப் புடிச்சது ஜெய்சல்மர் பக்கத்துல ஆளில்லாம கெடக்குற குல்தராங்குற ஊரு. அங்க இருந்த பாலிவால் ஜனங்க ஜெய்சல்மர் மந்திரி (திவான்) சலீம் சிங் தொல்லை தாங்காம ஒரே ராத்திரில அவங்களோட 84 ஊரையும் காலி பண்ணிட்டுப் போனதா கதை, தண்ணி வத்திப் போச்சு, அதான் கொஞ்சம் கொஞ்சமா போயிட்டாங்கன்னும் சொல்றாங்க. பாலைவனத்துல மழைத்தண்ணிய வரப்பு கட்டித் தேக்கி கோதுமை வெளைய வச்ச ஜனங்க அவங்க. இந்த ரெண்டும் நவம்பர்லருந்து பிப்ரவரி வரைக்கும்தான் போடுவோம், வெயில்ல முடியாது.

சின்னப் புள்ளைங்க, ஹார்ட் பேஷன்ட் யாராச்சும் வர்றாங்கன்னா புக் பண்றப்பவே சொல்லிடுங்க. தனுஷ்கோடிக்கு உள்ள பெட்ரோல் பங்க் கெடையாது, சொந்த வண்டில வர்றவங்க ராமேஸ்வரத்துலயே போட்டுக்கோங்க. ராத்திரி ட்ரிப்புக்கு அட்வான்ஸ் கட்டினவங்க பகல் ட்ரிப்புக்கு மாத்திக்கலாம், வேணாம்னா பணம் முழுசா திருப்பித் தந்துடுறோம், ஆபீஸ்க்கு ஒரு போன் பண்ணுங்க.

அந்த சங்கு பாசி அம்மா காலைல எட்டு மணிக்குத்தான் கடை விரிப்பாங்க. நாங்க அதுவரைக்கும் அங்கருந்து வண்டிய எடுக்க மாட்டோம்.

அன்புடன்,
உங்க டிராவல்ஸ்காரன், மதுரை